எலுமிச்சை எண்ணெயும் நச்சுயிரியும்: ஆய்வகச் சோதனை முடிவுகளைத் தமிழில் எழுதுதல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாவர நறுமண எண்ணெய்கள் நச்சுயிரிகளைத் தடுக்கின்றனவா என்று ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டு வெளிவந்த முடிவுகள், சித்த மருத்துவம் சார்ந்த தமிழ்க் கட்டுரைகளில் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. அவ்வாறு எடுத்தாளும்போது சோதனையின் வரையறைகள் உதிர்ந்து, முடிவு மட்டும் பொதுவிதியாக எஞ்சிவிடுவதை இக்கட்டுரை ஆராய்கிறது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும், அதன் அண்டையூர்கள் அறிந்த டெங்கு, கொரோனா காலங்களும் களமாகக் கொள்ளப்படுகின்றன. சித்த மருத்துவத்தின் மருந்துவடிவப் பாகுபாடும், தமிழ் இலக்கணத்தின் ‘செய்யும்’ என்னும் முற்றும் திறனாய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நறுமண எண்ணெய், நச்சுயிரி, எலுமிச்சை, புளியங்குடி, குடிநீர், தீநீர், செய்யும் என்னும் முற்று.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்த புளியங்குடி, எலுமிச்சை நகரம் என்றே அறியப்படுவது. இங்குள்ள சந்தையிலிருந்து பழம் கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது. அண்மையில் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. கோடையில் ஏறும் விலை, வரத்து மிகும்போது பறிகூலிக்கும் காணாத அளவுக்குச் சரிவதுண்டு. அவ்வேளைகளில், பழத்தை விற்பதைவிடத் தோலிலிருந்து எண்ணெய் எடுத்து விற்கலாமே என்னும் யோசனை எழுவது இயல்பு. அந்த எண்ணெய் ‘நச்சுயிரிகளை அழிக்கும்’ என்று ஆராய்ச்சி கூறுவதாக ஒரு தமிழ்க் கட்டுரை எழுதிவிட்டால், அது நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. குப்பியின் மேல் ஒட்டும் தாளுக்கும், நோயாளியின் வீட்டிற்கும் சென்று சேர்கிறது.

இக்கட்டுரை எந்தத் தனிக் கட்டுரையாளரையும் சுட்டுவதை நோக்கமாகக் கொண்டதன்று. ஓர் எழுத்து வழக்கமே இங்குத் திறனாயப்படுகிறது. இலக்கியத்திலோ சித்தர் பாடலிலோ ஒரு தாவரத்தின் பெயரைக் கண்டெடுத்து, அதன் மருத்துவக் குணத்தைக் கூறி, இறுதியில் ‘இதனை இன்றைய அறிவியலும் உறுதிசெய்கிறது’ என ஓர் ஆய்வக முடிவை ஒற்றைத் தொடரில் சேர்க்கும் வழக்கம் அது. குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பகுதியில் சித்தர்கள் காயசித்தி விளைப்பதாக வரும் செய்தியைத் திரிகூட மலையின் மூலிகைகளுக்குச் சான்றாக்கி, அங்கிருந்து நேரே உயிர்வேதியியலுக்குத் தாவுவது இவ்வழக்கத்தின் எளிய வடிவம். முதற்பாதியில் பாடவேறுபாட்டுக்கும் உரைவேறுபாட்டுக்கும் பக்கங்கள் செலவிடும் ஆய்வாளர், பிற்பாதியில் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து அமைதி கொள்வது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

பெயர்ப்பில் நேர்ந்த பிழை

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இணையத் தமிழிலும், அண்மைக் காலமாக ஆய்வேடுகளிலும் இவ்வெண்ணெய்கள் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என வழங்கப்படுகின்றன. எந்திர மொழிபெயர்ப்பின் கொடை இது. ஆங்கிலப் பெயரில் உள்ள அடைமொழி ‘எசென்ஸ்’, அதாவது தாவரத்தின் மணச்சாரம், என்னும் சொல்லின் வழிவந்தது. ‘இன்றியமையாதது’ என்னும் பொருளுக்கு அங்கு இடமில்லை. தமிழ்நாட்டில் அத்தியாவசிய எண்ணெய் என்றால் நியாயவிலைக் கடையின் பாமாயிலே நினைவுக்கு வரவேண்டும். நறுமண எண்ணெய், ஆவியாகும் எண்ணெய் என்னும் வழக்குகள் இருக்க, பொருளைத் திரிக்கும் சொல் நிலைபெற்றுவருகிறது. உடலுக்கு இன்றியமையாத எண்ணெய் என்று படிப்பவர் அதை உட்கொள்ளத்தக்கது எனக் கருதவும் கூடும். நீலகிரித் தைலம் என நாம் அழைக்கும் யூகலிப்டசு எண்ணெயைச் சில மில்லிலிட்டர் அளவில் விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டமை மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. எனவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

‘தேயிலை மர எண்ணெய்’ என்பதும் இத்தகையதே. அது ஆத்திரேலியாவைச் சேர்ந்த மெலலூக்கா மரத்தின் எண்ணெய். நாவல், கொய்யா ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்த மரம் அது. மாஞ்சோலையிலும் நீலகிரியிலும் வளரும் தேயிலைக்கும் அதற்கும் தாவரவியல் உறவு ஏதுமில்லை.

தட்டில் நடப்பது

நறுமண எண்ணெய் ஒன்றை நச்சுயிரிக்கு எதிராகச் சோதிப்பது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டு வழியே காண்பது பயன்தரும். செருமனியின் ஐடல்பெர்க்கு நகரில் பால் சினிட்சுலரும் அவருடைய உடனாய்வாளர்களும் மெலலூக்கா எண்ணெய், யூகலிப்டசு எண்ணெய் ஆகிய இரண்டையும் எர்ப்பீசு சிம்ப்ளெக்சு என்னும் நச்சுயிரியின் இரு வகைகளுக்கு எதிராகச் சோதித்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் ஒன்று.

சோதனை விலங்கிலோ மனிதரிலோ நிகழவில்லை. குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் தட்டின் அடியில் ஒற்றைப் படலமாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் நச்சுயிரியை இட்டால், அது தொற்றி அழித்த இடங்கள் சிறு வெற்றுப் புள்ளிகளாகத் தெரியும். எண்ணெய் சேர்த்தபின் புள்ளிகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்பதே அளவீடு.

ஆனால் புள்ளி குறைவதற்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும். எண்ணெய் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அல்லது உயிரணுக்களையே கொன்றிருக்கலாம். இறந்த உயிரணுவில் எந்த நச்சுயிரியும் பெருகாது. கொதிநீரும் வெளுப்புக்காரமும்கூட இப்பொருளில் ‘நச்சுயிரி எதிர்ப்பு’ உடையவையே. ஆகவே எண்ணெயின் நச்சுத்தன்மையை முதலில் தனியே அளந்தாக வேண்டும். அக்கட்டுரையின்படி உயிரணுக்களில் பாதி பாதிப்புறும் செறிவு, மெலலூக்கா எண்ணெய்க்கு 0.006 விழுக்காடு, யூகலிப்டசு எண்ணெய்க்கு 0.03 விழுக்காடு. முதல்வகை எர்ப்பீசு நச்சுயிரியின் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்த செறிவு முறையே 0.0009, 0.009 விழுக்காடு.

இவ்வெண்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 0.0009 விழுக்காடு என்பது ஒரு லிட்டர் நீர்மத்தில் 9 மைக்ரோலிட்டர்; ஏறத்தாழ ஒரு துளியை ஐந்தரை லிட்டரில் கலப்பதற்கு ஒப்பு. இத்தனை சிறிய அளவே போதும் என்பது வியப்பளிக்கிறது. வியப்போடு நிறுத்திக்கொள்பவர் அடுத்த எண்ணைக் காண்பதில்லை. மெலலூக்கா எண்ணெயில் நச்சுயிரியைப் பாதியாக்கும் செறிவுக்கும் உயிரணுவைப் பாதியாக்கும் செறிவுக்கும் உள்ள இடைவெளி ஏழு மடங்குக்கும் குறைவு. யூகலிப்டசு எண்ணெயில் அது மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது. நோய்க்கிருமிக்கும் நோயாளிக்கும் இடையே இத்துணைக் குறுகிய இடைவெளி உடைய பொருளை உடலினுள் செலுத்தத்தக்க மருந்தாகக் கருத எவரும் தயங்குவர்.

உயிரணுவுக்குத் தீங்கு செய்யாத செறிவில் மெலலூக்கா எண்ணெய் முதல்வகை நச்சுயிரியின் புள்ளிகளை 98.2 விழுக்காடும், யூகலிப்டசு எண்ணெய் 57.9 விழுக்காடும் குறைத்தன. கட்டுரைகளில் எஞ்சுவது பெரும்பாலும் 98.2 என்னும் எண் மட்டுமே.

இதனினும் முதன்மையானது மற்றொன்று. அவ்வாய்வாளர்கள் எண்ணெயை வெவ்வேறு கட்டங்களில் சேர்த்துப் பார்த்தனர்: தொற்றுக்கு முன் உயிரணுக்களுடன், தொற்றுக்கு முன் நச்சுயிரியுடன், நச்சுயிரி உயிரணுவில் ஒட்டும்போது, உள்ளே நுழைந்தபின் என. உயிரணுவை அடையும் முன்னரே நச்சுயிரியை எண்ணெயுடன் கலந்து வைத்தபோதுதான் புள்ளிகள் தெளிவாகக் குறைந்தன. எர்ப்பீசு நச்சுயிரிக்குக் கொழுப்பாலான புறவுறை உண்டு. எண்ணெயின் மூலக்கூறுகள் அவ்வுறையைக் குலைக்கின்றன என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். உயிரணுவினுள் புகுந்து பெருகத் தொடங்கிவிட்ட நச்சுயிரியின்மேல் இச்செயல் செல்லாது. போலியோ, நோரோ போன்ற புறவுறை அற்ற நச்சுயிரிகளுக்கும் இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. ஆக, சோதனை காட்டியது ஒருவகை மேற்பரப்புத் தூய்மையாக்கலுக்கு அணுக்கமானது. நோய்கண்டவரைக் குணப்படுத்துவதற்கும் அதற்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது.

நறுமண எண்ணெய்களுக்கே உரிய சில தொல்லைகளையும் சுட்ட வேண்டும். அவை நீரில் கரையா; எத்தனாலோ வேறு கரைப்பானோ துணைக்கு வேண்டும். அக்கரைப்பானை மட்டும் இட்ட ஒப்பீட்டுக் குழி இல்லாத சோதனை நம்பத்தக்கதன்று. அவை ஆவியாகும், ஒரு குழியிலிருந்து எழும் ஆவி அண்டைக் குழியின் அளவீட்டையும் குலைக்கலாம். ஒரே தாவரத்தின் எண்ணெய் மண், பருவம், வடித்த முறை ஆகியவற்றுக்கேற்ப வேறுபடும். எனவே கூறுகளைப் பிரித்தறியும் வளிம நிறச்சாரல் பகுப்பாய்வு இல்லாமல் ‘துளசி எண்ணெய்’ என்று மட்டும் கூறுவது, ஏடு இன்னதென்று கூறாமல் பாடம் காட்டுவதை ஒக்கும்.

எந்த எலுமிச்சை?

2020 சூன் மாதம் ‘பிளாண்ட்சு’ என்னும் ஆய்விதழில் தைவானின் தேசிய சுங் சிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்றின் கட்டுரை வெளிவந்தது. முதலாசிரியர் கே. ஜே. செந்தில்குமார். செரானியம், எலுமிச்சை ஆகியவற்றின் நறுமண எண்ணெய்கள், கொரோனா நச்சுயிரி உயிரணுவில் ஒட்டுவதற்கு வாயிலாக அமையும் ஏ.சி.இ.2 என்னும் புரதத்தின் அளவை மேற்படல உயிரணுக்களில் குறைத்தன என்பது அதன் முடிவு. எலுமிச்சை எண்ணெயில் 9 சேர்மங்கள் இனங்காணப்பட்டன. அவற்றுள் லிமோனீன் 73.0 விழுக்காடு. செரானியம் எண்ணெயில் 22 சேர்மங்கள், சிட்ரோனெல்லால் 27.1 விழுக்காடு. லிமோனீனும் சிட்ரோனெல்லாலும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, அவையும் அப்புரதத்தைக் குறைத்தமை காட்டப்பட்டது.

கட்டுரை தன்னளவில் ஒழுங்கானது. எண்ணெயின் கூறுகள் பகுத்துரைக்கப்பட்டுள்ளன. தலைப்பே ‘உயிரணுக்களில்’ என்று தன் எல்லையைக் கூறிவிடுகிறது. ஆனால் கொரோனா காலத்தின் பதற்றத்தில் ‘எலுமிச்சை எண்ணெய் கொரோனாவைத் தடுக்கும்’ என அது சுருங்குவதற்கு வெகுநேரம் வேண்டியதில்லை. இச்சுருக்கத்தில் மூன்று பிறழ்ச்சிகள் அடங்கியுள்ளன.

ஒன்று, அச்சோதனையில் அளக்கப்பட்டது புரதத்தின் அளவு; நச்சுயிரியின் தொற்றோ பெருக்கமோ அன்று. பூட்டின் எண்ணிக்கை குறைந்தது என்பதைத் திருடன் பிடிபட்டான் என்று எழுதுவது போன்றது இது. மேலும், பயன்படுத்தப்பட்டவை மனிதப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்கள்.

இரண்டு, அப்புரதம் நச்சுயிரிக்காகப் படைக்கப்பட்ட வாயில் அன்று. இரத்த அழுத்தத்தையும் இதய, நுரையீரல் இயக்கத்தையும் சீராக்குவதில் அதற்குப் பங்குண்டு. அதைக் குறைப்பது நோயாளிக்கு நன்மையா தீமையா என்பதே 2020-இல் மருத்துவ உலகில் விவாதப் பொருளாக இருந்தது.

மூன்றாவது, தமிழாய்வாளரே கண்டுபிடித்திருக்க வேண்டியது. தைவான் கட்டுரையின் எலுமிச்சை, ஆங்கிலத்தில் ‘லெமன்’ எனப்படுவது. தாவரவியல் பெயர் சிட்ரசு லிமன். புளியங்குடியில் விளைவது ‘ஆசிட் லைம்’ எனப்படும் சிட்ரசு ஆரன்டிபோலியா. உருவில் சிறியது, தோல் மெல்லியது, புளிப்பு மிக்கது. தமிழில் இரண்டுக்கும் எலுமிச்சை என்னும் ஒரே சொல் நிற்பதால், மொழிபெயர்ப்பு நிகழும் கணத்திலேயே வேறொரு தாவரத்தின் முடிவு புளியங்குடிப் பழத்தின்மேல் ஏறிவிடுகிறது. இரு பழங்களின் தோலெண்ணெயிலும் லிமோனீன் உண்டு, விகிதம் ஒன்றன்று. பிரித்தெடுக்கும் முறையும் முடிவை மாற்றும். குளிர்முறையில் தோலைப் பிழிந்து பெறுவது ஒருவகை எண்ணெய். நசுக்கிய முழுப்பழத்தைச் சாற்றோடு சேர்த்து நீராவியில் வடித்துப் பெறுவது மற்றொன்று. அதில் சாற்றின் அமிலமே சில சேர்மங்களைச் சிதைத்துப் புதியவற்றை உண்டாக்கிவிடும். பிழிந்த எண்ணெயில் தங்கும் ஒருவகைச் சேர்மங்கள், எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாக்கக் கூடியவை. வடித்த எண்ணெயில் அவை பெரும்பாலும் வருவதில்லை. சங்க இலக்கியத்தில் ஒரு பூவின் பெயருக்கு இரு தாவரங்கள் உரியவையாகுமா என்று நெடிது வாதிடும் நம் மரபு, எலுமிச்சை விடயத்தில் இவ்வினாவை எழுப்பாதிருப்பது வியப்பே.

அதே ஆண்டு மார்ச்சில், யூகலிப்டசு எண்ணெயின் சினியோல் என்னும் சேர்மம் கொரோனா நச்சுயிரியின் நொதியொன்றில் பொருந்தக்கூடும் என்று பஞ்சாபின் சலந்தர் நகரக் கல்லூரி ஆய்வாளர்கள் கணினிவழிக் கணக்கிட்டு வெளியிட்டனர். அதில் உயிரணுவும் இல்லை, நச்சுயிரியும் இல்லை, கணிப்பு மட்டுமே. இத்தகைய கணிப்புகள் அடுத்துச் செய்ய வேண்டிய சோதனைக்கு வழிகாட்டலாம். சான்று என்னும் பெயர் அவற்றுக்குப் பொருந்தாது.

குடிநீரும் தீநீரும்

சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என மருந்துவடிவங்களை வகுத்துள்ளது. சாறு, குடிநீர், கற்கம், சூரணம், எண்ணெய், தீநீர் முதலியவை அகமருந்துகள். வடிவம் மாறினால் ஆயுளும் மாறும். குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணிநேரம். சூரணத்திற்கு மூன்று மாதம். ஒரே மூலிகை வெவ்வேறு வடிவில் வெவ்வேறு மருந்து என்னும் தெளிவு இப்பாகுபாட்டின் அடியில் உள்ளது.

நறுமண எண்ணெய்க்கு இதில் மிக நெருங்கிய உறவு தீநீர். ஓமத்தை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துச் சேர்க்கும் ஓமத் தீநீரில் தைமால் முதலிய ஆவியாகும் கூறுகள் வந்து தங்குகின்றன. குடிநீரில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. திறந்த கலத்தில் எட்டில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ நீரைச் சுண்டக் காய்ச்சும்போது மணக்கூறுகளில் பெரும்பகுதி அடுக்களையின் காற்றோடு போய்விடும். நீரில் கரையும் கூறுகளே எஞ்சும். எனவே சுக்கு, வெட்டிவேர், சந்தனம் ஆகியவற்றின் நறுமண எண்ணெய் பற்றிய ஆய்வக முடிவு எதனையும் குடிநீருக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. இவ்வேறுபாட்டை உணர்த்த மேலைநாட்டு வேதியியல்கூட வேண்டா. நம் பாகுபாடே போதும்.

நிலவேம்புக் குடிநீர் இங்குக் கருதத்தக்கது. 2012-இல் புளியங்குடியின் அண்டையூரான கடையநல்லூரிலும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியபோது இக்குடிநீர் பரவலாக வழங்கப்பட்டது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த இம்மருந்தை, டெங்கு, சிக்குன்குனியா நச்சுயிரிகளுக்கு எதிராக உயிரணு வளர்ப்பில் சோதித்துப் புதுதில்லி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை பின்னர் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே சோதிக்கப்பட்டது ‘எத்தனாலில் பிரித்த சத்து’ என்று உள்ளது. மக்கள் குடித்தது நீரில் காய்ச்சியது. எத்தனாலில் கரைந்துவரும் கூறுகளும் கொதிநீரில் இறங்கும் கூறுகளும் ஒன்றல்ல. தமிழில் இதை எழுதுவோர் ‘நிலவேம்புச் சாறு’ என்கின்றனர். சித்த மருத்துவ வழக்கில் சாறு என்பது பச்சிலையைப் பிழிந்து பெறுவது. ஆக, குடிநீராகக் குடிக்கப்பட்டு, எத்தனால் சத்தாகச் சோதிக்கப்பட்டு, சாறாக எழுதப்பட்ட மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே மருந்தாகிவிடுகின்றன. அம்மருந்துக்குப் பயன் இல்லை என்பது என் வாதமன்று. அப்பயனை இக்கட்டுரையைக் கொண்டு நிறுவ இயலாது என்பதே வாதம்.

ஆவி பிடித்தலையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். நொச்சியும் எலுமிச்சை இலையும் இட்ட ஆவி மூக்கடைப்பைத் தளர்த்துவது பலரும் அறிந்த அனுபவம். அந்த ஆறுதல் நச்சுயிரி அழிந்ததற்கான அடையாளமாக எழுதப்பட்டதன் விளைவாக, பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க வேண்டா என்று 2021 மே மாதத்தில் தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சர் அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

‘போம்’ என்னும் முற்று

இவ்வெழுத்து வழக்கின் ஆணிவேர் வினைமுற்றில் உள்ளது என்பது என் துணிபு. ஆய்வகக் கட்டுரை தன் முடிவை இறந்தகாலத்தில் கூறும்: இந்த எண்ணெய், இந்தச் செறிவில், இந்த உயிரணுவில், இந்த நச்சுயிரியின் புள்ளிகளைக் குறைத்தது. நிகழ்ந்தது ஒன்று, நிகழ்ந்த இடம் ஒன்று. தமிழில் அது ‘குறைக்கும்’, ‘தடுக்கும்’, ‘அழிக்கும்’ என மாறுகிறது.

‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுக்குத் தமிழில் தனி ஆற்றல் உண்டு. மூன்று காலத்திற்கும் பொதுவான இயற்கையை இப்பொதுச்சொல்லால் கூறுக என்பது தொல்காப்பிய வினையியல் காட்டும் நெறி. ‘நீர் தாழ்விடம் நோக்கி ஓடும்’ என்றால் நேற்றும் இன்றும் நாளையும் எங்கும் ஓடும் என்பதே பொருள். எனவே ‘குறைத்தது’ என்பதைக் ‘குறைக்கும்’ என்று பெயர்க்கும்போது காலம் மட்டும் மாறவில்லை. ஒருமுறை நிகழ்ந்தது இயற்கை விதியாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் நிகழ்காலத் தொடரும் இத்தவற்றுக்கு இடம்தரும் என்றாலும், தமிழின் உம்மீற்று முற்று அதை இன்னும் எளிதாக்குகிறது. படிப்பவருக்கு மாற்றம் நிகழ்ந்ததே தெரிவதில்லை.

குணபாட நூல்களின் செய்யுள்கள் ‘போம்’, ‘தீரும்’, ‘நீங்கும்’ என முடிவதை அனைவரும் அறிவர். அங்கு அம்முற்று பொருத்தமானது. தலைமுறைகளாகக் கண்ட பட்டறிவைப் பொதுநெறியாக மாணாக்கருக்குச் சொல்லும் இலக்கிய வகை அது. நாடி பார்த்து, உடல் வன்மை பார்த்து, அனுபானம் பார்த்துக் கொடுக்கும் மருத்துவர் அச்செய்யுளின் பின்னே நின்றார். வரையறைகள் அவரிடம் இருந்தன. ஆய்வகக் கட்டுரைக்குப் பின்னே அத்தகைய மருத்துவர் எவரும் இல்லை. அதன் வரையறைகள் முழுவதும் அதன் தொடர்களுக்குள்ளேயே உள்ளன. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துச் செய்யுளின் முற்றை ஆய்வக முடிவுக்கும் அணிவித்தால், செய்யுள் தன் மருத்துவரையும், சோதனை தன் வரையறைகளையும் ஒருங்கே இழக்கின்றன. செய்யுளுக்கு அறிவியல் மதிப்புத் தேடித்தருகிறோம் என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் சித்த மருத்துவத்தின் நம்பகத்தை இது வளர்ப்பதாகத் தெரியவில்லை. ஐயுறவோடு படிக்கும் மருத்துவர் ஒருவர் மூலக்கட்டுரையைத் திறந்து பார்த்தால், தட்டில் நிகழ்ந்ததைக் கண்டு செய்யுளையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

தமிழில் வரையறைகளோடு எழுதினால் தொடர் நீண்டு சிதையும் என்று சிலர் கூறுவதுண்டு. ஐடல்பெர்க்கு முடிவை இவ்வாறு எழுதலாம்: ‘குரங்குச் சிறுநீரக உயிரணு வளர்ப்பில், உயிரணுவுக்குத் தீங்கு செய்யாத செறிவில், தொற்றுக்கு முன்னரே நச்சுயிரியுடன் கலந்து வைத்த யூகலிப்டசு எண்ணெய் எர்ப்பீசுப் புள்ளிகளைத் தெளிவாகக் குறைத்தது.’ இது இருபது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அடைகளையும் எச்சங்களையும் அடுக்கி இறுதியில் ஒரு முற்றால் முடிப்பது தமிழுக்கு இயல்பான நடை; வேறு பல மொழிகளைவிட இவ்வகை வரையறைத் தொடர் தமிழில் எளிதாகவே அமையும்.

இதழ்களும் குப்பிகளும்

தமிழாய்விதழ்களுக்கு வரும் இத்தகைய கட்டுரைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இலக்கியத் துறையினர். அறிவியற் பகுதியை அவர்கள் நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுவது இயல்பே. ஆனால் மேலே எழுப்பிய வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆய்வகப் பயிற்சி வேண்டியதில்லை. எந்தத் தாவரம், எந்த வடிவம், எந்த நச்சுயிரி, எதன் உயிரணு, எந்தச் செறிவு, உயிரணுவின் நச்சளவு என்ன, எண்ணெய் எப்போது சேர்க்கப்பட்டது என்பவை மூலக்கட்டுரையில் இருந்தாக வேண்டியவை. அவற்றுள் ஒன்றேனும் தமிழ்க் கட்டுரைக்குள் வந்துள்ளதா என்று பார்ப்பது உரைநூல் படித்த எவருக்கும் இயலும்.

சட்டம் இதில் நம்மைவிடக் கண்டிப்பானது. நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954-இலேயே இயற்றப்பட்டது. கொரோனாவுக்கு மருந்து என்னும் விளம்பரங்களைத் தடுக்குமாறு நடுவண் ஆயுசு அமைச்சகம் 2020 ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் தைலக் குப்பி விற்கும் சிறு வணிகர் இவற்றுக்குக் கட்டுப்பட்டவர். அவர் குப்பித்தாளில் அச்சிட இயலாத தொடரை ஆய்விதழில் எவரும் தடையின்றி அச்சிடலாம் என்பது வேடிக்கையான நிலை.

குற்றால மலையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் ஆகியவற்றை வளர்க்க முற்பட்டனர். அங்குள்ள தோட்டங்களில் கிராம்பு இன்றும் விளைகிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. மண்ணும் சரக்கும் கல்வி நிறுவனமும் இப்பகுதியிலேயே உள்ளன. புளியங்குடி எலுமிச்சைத் தோலெண்ணெய் குறித்து ஒரு முடிவைத் தமிழில் எழுத வேண்டுமானால், பழம் சிட்ரசு ஆரன்டிபோலியா என உறுதிசெய்யப்பட்டு, பறித்த மாதமும் தோட்டமும் குறிக்கப்பட்டு, பிழிந்ததா வடித்ததா என்பது கூறப்பட்டு, கூறுகள் பகுக்கப்பட்டு, கரைப்பானுக்குத் தனி ஒப்பீடு வைக்கப்பட்டு, கடையநல்லூர் கண்ட டெங்கு நச்சுயிரியின் மேலேயே எண்ணெய் தொற்றுக்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். முடிவு எதிர்மறையாக அமைந்தாலும் அதுவும் அச்சேற வேண்டும். அப்போது அதன் வினைமுற்று ‘குறைக்கவில்லை’ என்று இருக்கும்.